கொழுக்கியில் ஏறும் பாரம்

முத்தையன்கட்டு வயலிலிருந்து நெல் ஏற்றி வரும் உழவு இயந்திரப் பெட்டியும், ஆற்றுமணல் ஏற்றி வரும் பெட்டியும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுதான். அதே சிவப்பு மெசின், அதே இரண்டு சில்லுப் பெட்டி, மட்டத்துக்கு நிறைத்த அதே ஒரு கியூப். கியூப் என்றால் நூறு கன அடி. அதற்குள் நெல்லைக் கொட்டினால் 1,600, 1,700 கிலோ வரும். மணலைக் கொட்டினால் 4,500 கிலோ. மழையில் நனைந்த மணல் என்றால் 5,000 கிலோவையும் தொடும். கண்ணுக்குத் தெரிவது அளவு மட்டும்தான், பாரம் தெரியாது. பெட்டியைப் பூட்டி இழுக்கிற எந்த வாகனத்துக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் எங்கள் உறவுகள் கோடை விடுமுறைக்கு ஜீப்பின் பின்னால் ஒரு சுற்றுலா வீட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். முல்லைத்தீவில் சிறுபோகம் முடிந்த கையோடு ஒருவர் மெசினில் பெட்டியைக் கொழுவிக்கொண்டு ஆலைக்குப் போகிறார். இரண்டு பேரும் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘இது இழுக்குமா?’ பெரும்பாலும் பதில், இழுக்கும். சமதரையில் இழுப்பது அவ்வளவு கடினமான வேலையே இல்லை. தார் றோட்டில் ஒரு பெட்டியை உருட்ட அதன் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு விசை போதும். பெட்டியின் சொந்த எடையோடு சேர்த்து ஐந்தரைத் தொன் மணலை நூற்றுப் பத்துக் கிலோ விசையில் நகர்த்திவிடலாம். அளம்பில், செம்மலைக் கடற்கரை மணலில் அதே பாரத்தை இழுக்க ஒரு தொன் விசை வேண்டியிருக்கும். அதையும் சின்னக் கியரில் மெசின் செய்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இழுத்ததை நிறுத்த முடியுமா? வளைவில் பிடித்து வைக்க முடியுமா? இறக்கத்தில் பின்னாலிருந்து அது தள்ளும்போது தாங்க முடியுமா?

கணக்கைப் போட்டே பார்ப்போம். வன்னியில் அதிகம் ஓடும் ‘240’ ரக மசி பெர்கூசன் ஏறத்தாழ 2 தொன் எடை. பின்னால் ஐந்தரைத் தொன். மொத்தம் ஏழரை. மணிக்கு 28 கிலோமீற்றர் வேகத்தில் இந்தக் கூட்டு சுமந்து போகும் இயக்க ஆற்றலும், 1,200 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது சுமக்கும் ஆற்றலும் ஏறக்குறைய சமம். காருக்கு நான்கு சில்லிலும் பிறேக் உண்டு. மெசினுக்குப் பின் சில்லு இரண்டில் மட்டும்தான். பெட்டிக்கோ, எங்கள் ஊரில் ஓடும் பலவற்றுக்கு, பிறேக்கே கிடையாது. தனி மெசின் அந்த வேகத்தில் பிறேக் அடித்தால் ஏழு மீற்றருக்குள் நின்றுவிடும். மணற்பெட்டியோடு என்றால், காய்ந்த தார் றோட்டில் பிறேக் மிதித்த பிறகே பதினேழு மீற்றர் ஓடும். மிதிக்க எடுக்கும் ஒரு விநாடிக்குள் இன்னொரு எட்டு மீற்றர் போயிருக்கும். வேகத்தை 15 கிலோமீற்றராகக் குறைத்தால் பதினேழு மீற்றர் ஐந்து மீற்றராகச் சுருங்குகிறது. வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்வாசியாகும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தில் இருப்பது பரந்தன் வீதியில் குறுக்கே ஓடும் ஒரு பிள்ளையின் உயிர்.

பிரித்தானியாவில் வீட்டுவண்டி இழுக்கப் பழகுகிறவர்களுக்கு ஓர் அறிவுரை உண்டு: பின்னால் வருவதன் எடை, இழுக்கும் காரின் எடையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டக்கூடாது. அந்த அளவுகோலால் பார்த்தால் எங்கள் மெசின் 1,700 கிலோவுக்கு மேல் இழுக்கவே கூடாது. இழுப்பதோ அதன் மூன்று மடங்கு. இத்தனை ஆண்டுகளாக அது நடந்து வந்தது ஒரே காரணத்தால்: கிறவல் றோட்டும் குழியும் மெசினை மெதுவாகப் போக வைத்தன. போருக்குப் பிறகு மாங்குளம் வீதிக்கும் பரந்தன் வீதிக்கும் காப்பெற் வந்தது. றோட்டு மாறிவிட்டது, பெட்டி மாறவில்லை. இது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விடயம்.

இப்போது கொழுக்கிக்கு வருவோம்.

வண்டில் ஓட்டிய தலைமுறைக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்கம் தேவையில்லை. அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகம் மேலே கிளம்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டுமே வதை. அச்சின்மேல் முழுப் பாரமும் இருக்க, மாட்டின் கழுத்தில் சின்ன ஒரு அழுத்தம் மட்டும் தங்கும்படி மூட்டையை அடுக்குவதுதான் கெட்டித்தனம். இன்றைக்கும் பெட்டியில் மூட்டை ஏற்றும்போது யாராவது ஒருவர் கீழே நின்று, “அண்ணை, பின்பாரமாக் கிடக்கு, முன்னுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ” என்று சொல்வதைக் கேட்கலாம். வட அமெரிக்காவில் வீட்டுவண்டிக்கு எழுதப்பட்ட விதியும் இதையேதான் எண்ணில் சொல்கிறது: மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கொழுக்கியில் இறங்க வேண்டும்.

ஏன் இந்தப் பத்து வீதம்? பெட்டி கொழுக்கியில் தொங்கும் ஓர் ஊசல். ஊசல் கீழ்நோக்கித் தொங்கும், இது கிடையாகத் தொங்குகிறது. ஒரு பக்கக் காற்றோ, பெரிய லொறி ஒன்று முந்திப் போகும்போது எழும் தள்ளலோ அதை ஒரு பக்கம் சாய்த்தால், ரயர்கள் தரையைப் பிடித்து நேராக்கப் பார்க்கின்றன. நேரான இடத்தில் நில்லாமல் அது மறுபக்கம் போகிறது, மீண்டும் ரயர் இழுக்கிறது. குறைந்த வேகத்தில் இந்த ஆட்டம் இரண்டு மூன்று வீச்சில் அடங்கிவிடும். வேகம் கூடக்கூட ரயர் அந்த ஆட்டத்தை அடக்கும் வலு குறைந்துகொண்டே போகிறது. ஏனென்றால், பெட்டி பக்கவாட்டில் அசையும் வேகம் மாறாமல் இருக்க, முன்னோக்கிப் போகும் வேகம் மட்டும் கூடுகிறது. அதனால் ரயர் சறுக்கும் கோணம் சின்னதாகிறது. கோணம் குறைந்தால் எதிர்க்கும் விசையும் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அடக்கும் வலு பூச்சியமாகிவிடும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதை விடப் பெரிதாகும். பாரம் பின்னுக்கு இருந்தால் அந்த ஆபத்தான வேகம் கீழே இறங்கும், முன்னுக்கு இருந்தால் மேலே ஏறும். ஓடும் பட்டி ஒன்றில் விளையாட்டுக் காரையும் ஒரு சின்னப் பெட்டியையும் பூட்டி, நிறைக்கல்லை முன்னும் பின்னும் மாற்றிக் காட்டுகிற பரிசோதனை ஒன்று உண்டு. கல் முன்னால் இருக்கையில் பெட்டியைக் கையால் தட்டிவிட்டாலும் உடனே நேராகிறது. அதே கல்லைப் பின்னுக்கு வைத்ததும் ஒரு தட்டில் இரண்டும் சுழன்று விழுகின்றன.

ஆட்டம் தொடங்கியதும் ஸ்ரேறிங்கை மாறிமாறித் திருப்பி அடக்கப் பார்ப்பதே பலருக்கும் கை போகும் வழி. ஒரு வீச்சுக்கு ஒன்றோ இரண்டோ விநாடிதான். மனிதக் கை அரை விநாடி பிந்தி வரும்போது அது ஆட்டத்துக்கு எதிராக அல்ல, ஆட்டத்தோடு சேர்ந்து தள்ளுகிறது. கையை நேரே பிடித்துக்கொண்டு அக்சிலேற்றரை விட்டுவிட வேண்டும். பெட்டிக்குத் தனிப் பிறேக் இருந்தால் அதை மட்டும் பிடிக்க வேண்டும்.

கொழுக்கியில் இறங்கும் பாரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பலர் கோட்டைவிடுவது இதில்தான். ரொறன்ரோவில் ஒரு குடும்பம் ஜீப் வாங்குகிறது. ‘5,000 இறாத்தல் இழுக்கும்’ என்று விற்பனைக்காரர் சொல்கிறார். அது 2,268 கிலோ. பார்த்து வைத்த வீட்டுவண்டி, சாமான் ஏற்றிய பின் 2,000 கிலோ. இடைவெளி தாராளம் என்று தோன்றும். ஆனால் சாரதிக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் இன்னோர் எண் இருக்கும்: ஆட்களும் சாமானும் சேர்த்து இந்த வாகனத்துக்குள் ஏற்றக்கூடியது இவ்வளவு. 650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் 370 கிலோ. குளிர்பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள்கள், உடுப்புப் பைகள் 80 கிலோ. கொழுக்கியில் இறங்கும் பன்னிரண்டு வீதம் 240 கிலோ. கூட்டினால் 690. இழுக்கும் வலு மிஞ்சியிருக்க, சுமக்கும் வலு தீர்ந்துவிட்டது. கொழுக்கியில் இறங்குவது பெட்டியின் பாரமாகத்தான் மனதில் பதிகிறது. வாகனத்தின் பின் ஸ்பிறிங்குக்கும் பின் ரயருக்கும் அது வாகனத்துக்குள்ளேயே ஏற்றிய பாரம். விளம்பரத் தாளில் அச்சடித்திருப்பதோ வெறும் வண்டியின் எடை. தண்ணீர்த் தாங்கி, காஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை எதுவும் அதில் சேராது.

பின்னால் அமர்த்தியது முன்னால் கிளப்பும். மெசினில் இது வெளிச்சமாகத் தெரியும். ஐந்தரைத் தொன்னில் பத்து வீதமான 550 கிலோ கொழுக்கியில் இறங்குகிறது. கொழுக்கி பின் அச்சிலிருந்து அறுபது சென்ரிமீற்றர் பின்னால். முன் அச்சு ஏறத்தாழ இரண்டு மீற்றர் முன்னால். நெம்புகோல் கணக்குப்படி முன் சில்லுகளிலிருந்து ஏறத்தாழ 165 கிலோ பாரம் கழன்றுவிடுகிறது. அந்த நிலையில் குளக்கட்டில் ஏறினால், ஏற்றத்தில் பெட்டி பின்னுக்கு இழுக்கும் இழுவை இன்னும் நூறு நூற்றைம்பது கிலோவைக் கழற்றும். ஸ்ரேறிங்கைத் திருப்பினாலும் முன் சில்லு தரையில் வழுக்கிக்கொண்டு நேரேதான் போகும்.

இதைத் தீர்க்கப் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் ஹரி பெர்கூசன். 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் பிறந்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் உழவு இயந்திரங்களின் திறனைக் கூட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது கலப்பை மெசினின் பின்னால் ஒரு வண்டில் போலப் பூட்டப்பட்டிருந்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் பின் சில்லு சுழல முடியாமல், அதற்குப் பதிலாக மெசினே அச்சைச் சுற்றிக் கிளம்பி ஓட்டுநர்மேல் கவிழ்ந்துவிடும். ஒரு விநாடிக்குள் மீள முடியாத நிலைக்குப் போய்விடும். குதித்துத் தப்ப நேரமே இல்லை. கலப்பையை மூன்று புள்ளியில் மெசினோடு பிணைத்து, இழுவையே முன் சில்லை அமர்த்தும்படி அவர் மாற்றினார். இன்றைக்கு எந்த நிறுவனத்தின் மெசினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும் அந்த மூன்று கைகள் இருக்கும். 1953இல் அவருடைய நிறுவனம் மசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. முல்லைத்தீவு வயல்களில் ஓடும் சிவப்பு மெசினின் பெயர்ப் பாதி அவருடையது. ஆனால் அந்த மூன்று கைகள் கலப்பைக்கு. பெட்டியைக் கொழுவ வேண்டிய இடம் அதற்கும் கீழே, பின் அச்சின் நடுவுக்குத் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டம். பெட்டியின் மூக்குக்கு வசதி என்று கொழுக்கியை உயர்த்திப் பூட்டினால், பெர்கூசன் துரத்திய அதே ஆபத்து திரும்பி வரும்.

கொழுக்கியில் செருகும் ஊசியும் முக்கியம். சரியான உருக்கு ஊசி தொலைந்தால் கட்டடக் கம்பித் துண்டொன்றைச் செருகிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வளையும், ஒரு நாள் அறும். ஒரு காப்புச் சங்கிலி மாட்டினால் அன்றைக்குப் பெட்டி தனியே ஓடாது.

மெசினின் பிறேக் மிதி இரண்டு. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயல் மூலையில் ஒரு பக்கம் மட்டும் மிதித்து அந்த இடத்திலேயே திரும்பலாம். றோட்டுக்கு ஏறும்போது இரண்டையும் பூட்டும் சின்ன நாக்கு ஒன்று மிதிகளிலேயே இருக்கிறது. அதைப் போட மறந்து, பின்னால் ஐந்து தொன்னோடு ஒரு மிதியை மட்டும் மிதித்தால், நின்றுபோன சில்லைச் சுற்றிப் பெட்டி மெசினைப் பக்கவாட்டில் மடித்துவிடும். விரல் நீள இரும்புத் துண்டு அது. வயலை விட்டு ஏறும் ஒவ்வொரு முறையும் அதைப் போடுகிற பழக்கத்தை விட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்துக்கு வருவோம். இரண்டு சில்லு, நீண்ட கைபிடி, ஓட்டுகிறவர் உட்காருவது பின்னால் பூட்டிய பெட்டியின் முன்விளிம்பில். 1950களில் இதை வடிவமைத்தவர் ரே விஜேவர்த்தன என்ற இலங்கையர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவர். பிற்காலத்தில் உழாமல் விதைக்கும் விவசாயத்தின் பக்கம் போய், தன் கண்டுபிடிப்பையே கேள்விக்கு உட்படுத்தினார். பிறகு ஜப்பான், சீனாவிலிருந்து எத்தனையோ ரகம் வந்தும் வன்னியில் எல்லாவற்றுக்கும் பெயர் லான்ட்மாஸ்டர்தான்.

இதன் விந்தை இறக்கத்தில் இருக்கிறது. சமதரையில் வலப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் வலச் சில்லுக்கு விசை நின்றுவிடும். இடச் சில்லு மட்டும் ஓடும். வண்டி வலப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து பெட்டியோடு இறங்கும்போது எல்லாம் தலைகீழாகிறது. இப்போது பெட்டிதான் பின்னாலிருந்து தள்ளுகிறது. என்ஜின் இரண்டு சில்லையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் வலக் கிளட்சைப் பிடித்தால் வலச் சில்லு என்ஜினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். இடச் சில்லு பிடிபட்டபடியே இருக்கும். வண்டி இடப்பக்கம் திரும்பும்! வலப்பக்கம் திரும்ப நினைத்தவர் இடப்பக்கப் பள்ளத்துக்குள். புதிதாகப் பழகுகிற பொடியனுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்: இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல், கைபிடியைத் தள்ளித் திருப்பு, சின்னக் கியரில் இறங்கு, பெட்டியின் கால் பிறேக்கை மிதி. சமதரையில் மாதக்கணக்காகப் பழகிய கை, ஒரு சின்ன இறக்கத்தில் தன் ஆளையே ஏமாற்றும்.

திரவம் ஏற்றினால் இன்னொரு புதிர். ஆடி, ஆவணியில் கிணறு வற்றும் ஊர்களுக்கு உழவு இயந்திர பவுசரில் தண்ணீர் போகும். நிரம்பிய தாங்கி நல்ல பிள்ளை. பாதித் தாங்கிதான் வில்லங்கம். ஏற்றத்தில் தண்ணீர் பின்னுக்கு ஓடிப் பின்பாரமாகும், இறக்கத்தில் முன்னுக்கு வந்து கொழுக்கியை அமுக்கும். பிறேக் அடித்ததும் ஒரு தொன் தண்ணீர் சற்றுப் பிந்தி முன்சுவரில் வந்து மோதும். வளைவில் வெளிப்பக்கம் குவிந்து குடைசாய்க்கப் பார்க்கும். துளையிட்ட குறுக்குத் தகடுகள் இரண்டு தாங்கிக்குள் இருந்தால் தண்ணீர் இவ்வளவு வேகமாக ஓடாது. தகடில்லாத பிளாஸ்ரிக் தாங்கியைப் பெட்டியில் வைத்துக் கட்டுகிறவர்கள் நிரப்பியே கொண்டுபோய், ஓர் இடத்திலேயே முழுதும் இறக்கிவிடுவது நல்லது.

கடைசியாக உயரம். போரின் இறுதியில், 2009இன் முதல் மாதங்களில், கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரை நோக்கி நகர்ந்த சனத்தின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டிகள் நினைவிருக்கும். கூரைத் தகரம், கதவு, கட்டில், தையல் மெசின், அண்டா, அதற்கு மேல் பாய், அதற்கும் மேலே வயதானவர்களும் பிள்ளைகளும். ஒரு வீடு முழுவதும் இரண்டு சில்லில். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று அந்தச் சுமை போன வழியில் மழையும் சேறும் எறிகணையும் இருந்தன. அப்படிப் பாரம் ஏற்றியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இன்றைக்கு எங்களுக்கு வழி இருக்கிறது. சில்லுக்குச் சில்லு இடைவெளி ஒன்றரை மீற்றர். மணலின் ஈர்ப்புமையம் தரையிலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்று மேலே. எட்டு மீற்றர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தில் அந்தப் பெட்டி 26 கிலோமீற்றர் வேகம்வரை நிற்கும். வைக்கோலை உயர அடுக்கினால், அல்லது பெட்டிக்குள் சனம் எழுந்து நின்றால், ஈர்ப்புமையம் இரண்டு மீற்றரை நெருங்கும். அப்போது அதே திருப்பத்தில் 20 கிலோமீற்றரிலேயே உட்சில்லு கிளம்பும். ரயர் நசிவதையும் சுமை அசைவதையும் சேர்த்தால் அதற்கும் முந்தியே. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் பெட்டி நிறையச் சனத்தோடு போகிறவர்கள் எல்லோரையும் கீழே உட்கார வைத்தால், அந்த ஒரு செயலே ஈர்ப்புமையத்தைப் பல அங்குலம் இறக்கிவிடும். மனிதரை ஏற்றவென்று செய்த பெட்டி அல்ல அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுபடி கொழுக்கிக்கு வந்தால், அதில் எவ்வளவு இறங்குகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை, நிறுத்துப் பார்க்கலாம். வாகனத் தராசு உள்ள ஆலைக்கு ஏற்றிய பெட்டியோடு போங்கள். மெசின் தராசுக்கு வெளியே நிற்க, கொழுவிய நிலையிலேயே பெட்டியின் சில்லுகள் மட்டும் தராசில் நிற்கட்டும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியை முழுதாகத் தராசில் ஏற்றி, முன்காலை ஊன்றி, சில்லுக்குக் கட்டை கொடுத்து, கொழுக்கியைக் கழற்றி மெசினை இறக்கிவிட்டு மறுபடி நிறுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே கொழுக்கிப் பாரம். ஐந்தரைத் தொன்னுக்கு அது 550ஐச் சுற்றி இருந்தால் பாரம் சரியான இடத்தில் இருக்கிறது. இருநூறு என்று வந்தால், மண்வெட்டியை எடுத்துப் பின்மணலை முன்னுக்குத் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். எழுநூறைத் தாண்டினால், மெசினின் முன் சில்லு இலேசாகிவிடும் என்பதால், மேல்மணலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடுங்கள்.